கதைப்படங்களில் ஐரோப்பிய வரலாறு: கோட்டக்குப்பத்து எல்லையிலிருந்து ஒரு பார்வை

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி மரக்காணம் செல்லும் சாலையில் கோட்டக்குப்பம் உள்ளது. இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இதன் தெற்கெல்லையில் தொடங்கிய நிலமோ 1954 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுப் பேரரசின் வீழ்ச்சியைச் சொல்லும் கதைப்படங்கள் எதைக் காட்டுகின்றன, எதை விடுகின்றன என்பது இந்த எல்லையிலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.

1954 மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அல்சீரிய விடுதலைப் போர் வெடித்ததும் அதே நாளில்தான். பாடநூல்களில் இவை தனித்தனிப் பாடங்கள், திரையிலும் அப்படியே.

ரெஜி வார்னியே இயக்கிய 'இந்தோசீன்' (1992) சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. ரப்பர் தோட்ட முதலாளியாகக் கேத்ரின் தெனவ் நடித்த இப்படம் 1954இல் ஜெனீவாவில் முடிகிறது. காட்சிகள் அழகானவை, அந்த அழகே படத்தின் குறையும் ஆகும். பேரரசின் இழப்பு ஒரு தாயின் துயரமாகச் சுருங்கிவிடுகிறது. சைகோனில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் அரசு ஊழியராகவும் வணிகராகவும் வாழ்ந்தனர். அங்கே மாரியம்மன் கோயிலும் உண்டு. படத்தின் முதன்மைப் பாத்திரங்களில் ஒரு தமிழரும் இல்லை. ஆண்டவர், ஆளப்பட்டவர் என்று இரண்டே தரப்பு வைத்துக் கதை சொன்னால், ஆளப்பட்ட நாட்டிலிருந்து போய் ஆள்பவருக்கு ஊழியம் பார்த்தவருக்கு இடமிருக்காது.

ரஷீத் பூஷரேபின் 'அந்திஷேன்' (2006) இந்த இடைவெளிக்கு அருகே வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்ட வட ஆப்பிரிக்கர் நால்வரின் கதை அது. படம் வெளியானபோது, குடியேற்ற நாடுகளின் முன்னாள் படைவீரர்களுக்கான ஓய்வூதியத்தை உயர்த்தப் பிரெஞ்சு அரசு முடிவெடுத்தது. கதைப்படம் ஒன்று அரசின் கணக்கேட்டைத் திருத்தியது அரிது. 1940 செப்டம்பரிலேயே பிரெஞ்சு இந்தியா சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரி மக்கள் இன்றும் 'சொல்தா' என்றே அழைக்கின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படத்தை அயல்நாட்டுக் கதையாகப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றிலும் வலுவானது கில்லோ பொந்தேகோர்வோவின் 'அல்சீர்சுப் போர்' (1966). செய்திச்சுருள் போலத் தோன்றினாலும் அதில் செய்திச்சுருள் ஒரு துண்டும் கிடையாது. மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுவே: பார்க்க ஆவணம் போலிருப்பதால் ஒரு படம் ஆவணமாகிவிடாது. விடுதலை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான யாசெஃப் சாதியே அதன் தயாரிப்பில் பங்கேற்று நடித்தும் இருக்கிறார். எனவே அது ஒரு தரப்பின் பார்வையும் ஆகும். ஆயினும் எதிரித் தளபதி மாத்தியூவை அது முட்டாளாகவோ அரக்கனாகவோ காட்டுவதில்லை. அவர் இந்தோசீனப் போரில் இருந்தவர். அங்கே தோற்ற படையே அல்சீர்சில் சித்திரவதையைக் கையாள்கிறது. 'இந்தோசீன்' ஜெனீவா ஏரிக்கரையில் விட்ட கதையின் தொடர்ச்சி இங்கேதான் கிடைக்கிறது.

இப்படம் எட்டும் இறுதி ஆண்டு 1962. அவ்வாண்டு சூலையில் அல்சீரியா விடுதலை பெற்றது. புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956இலேயே கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது அல்சீரியப் போர் ஓய்ந்த பிறகுதான். ஒப்படைப்பு நடந்த நாள் 1962 ஆகஸ்ட் 16.