சதையின் பாரமும் தூரிகையின் வேகமும்

ஜென்னி சாவிலின் 'பிராப்ட்' ஓவியத்தில் முழங்கால்கள்தான் முதலில் நம் மேல் வந்து மோதுகின்றன. முகமோ ஏழடிக் கித்தானின் மேல்விளிம்பருகே பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. விரல்கள் தொடைச் சதைக்குள் புதைகின்றன. 1992இல், கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படிப்பை முடித்த ஆண்டில், 22 வயதில் தன் உடலையே மாதிரியாகக் கொண்டு அவர் வரைந்தது இது. 2018 லண்டன் ஏலத்தில் 95 லட்சம் பவுண்டுக்கு விற்று, உயிருடன் இருக்கும் பெண் ஓவியர்களில் அதுவரை யாரும் தொடாத விலையைத் தொட்டது. விலையை விடுங்கள், மாணவப் பருவத்திலேயே இவ்வளவு உறுதியான கை வாய்த்ததுதான் வியப்பு.

அந்த உறுதி உருவ வரைதலில் பெற்ற கடும் பயிற்சியிலிருந்து வந்தது. பிறகு, 1994இல் நியூயார்க்கில் அழகு அறுவைச் சிகிச்சைகளை அருகில் நின்று பார்த்தார். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எப்படி இழுபடுகிறது, எப்படித் தொங்குகிறது என்று தெரிந்த கை பூசும் வண்ணம் வேறு மாதிரி இருக்கிறது. சாம்பலும் நீலமும் இளஞ்சிவப்பும் அகன்ற தூரிகையில் அடுத்தடுத்து விழுகின்றன. நெருங்கி நின்றால் வெறும் குழம்பு, பத்தடி விலகினால் மூச்சுவிடும் வயிறு. நியூயார்க் அனுபவத்துக்கு முன்பே வரைந்த 'பிளான்' (1993) ஓவியத்தில் உடல்மேல் நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகள்போல அறுவைக்கான குறிகள் ஓடுகின்றன. உடலைத் திருத்த வரும் கோடும் திருந்த மறுக்கும் சதையும் மோதுவதைத் தைல வண்ணத்தின் கனம் அல்லாமல் வேறெதுவும் இப்படிக் காட்டியிருக்காது.

எனக்கு உறுத்துவது அதற்குப் பின் வந்த பெரிய முகங்கள். 'ஸ்டேர்' வரிசையில் பிறவிச் செம்மறு படர்ந்த ஓர் இளமுகம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சிவப்பு அற்புதமாகப் பூசப்பட்டிருக்கிறது. ஆனால் ஒளிப்படம் தந்த முகம் அது. முன்னால் அமர்ந்திருக்கும் ஆள் தரும் எதிர்ப்பு அதில் இல்லை. தூரிகை வீச்சுக்கு இலக்கில்லாதபோது, வழியும் சொட்டும் தெறிப்பும் பழகிய கைவாகாகிவிடுகின்றன. அளவும் அப்படித்தான்: 'பிளான்' ஓவியத்தில் உடல் கித்தானுக்குள் அடங்காமல் பிதுங்குவதால் ஒன்பதடி தேவைப்பட்டது, ஒரு முகத்துக்கு அதே பிரம்மாண்டம் பல இடங்களில் வெறும் மிரட்டலாகவே மிஞ்சுகிறது.

தாயான பிறகு கரியால் வரைந்த படங்களில் அவர் மீண்டும் கோட்டுக்குத் திரும்பினார். லியனார்டோவின் கன்னியும் குழந்தையும் உள்ள பெரிய கரிச்சித்திரத்தை ஒட்டி வரைந்தவற்றில், திமிறும் குழந்தையின் கைகால்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முந்தைய கோடு எதையும் அவர் மறைக்கவில்லை. 'தி மதர்ஸ்' (2011) ஓவியத்தில் இந்தப் பாடம் தைல வண்ணத்துக்கும் வந்துசேர்கிறது: நழுவும் பிள்ளையை இறுக்கும் கையின் அவசரமே தூரிகையின் அவசரமாகிறது. அண்மைய முகங்களில் கூசவைக்கும் மஞ்சளும் ஊதாவும் கண்ணைச் சுற்றிச் சுழல்கின்றன. கண் மட்டும் துல்லியமாக நிற்க, மற்ற இடமெல்லாம் எந்த முகத்துக்கும் பொருந்தக்கூடிய வண்ணம்.