பந்து யார் கையில்?

2023 மார்ச் 17 அன்று ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் பர்டியூ பல்கலைக்கழக அணி தோற்றபோது, அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தலைசிறந்த வீரர் அந்த அணியில்தான் இருந்தார். ஸாக் ஈடி, உயரம் 7 அடி 4 அங்குலம். எதிரே ஆடிய ஃபேர்லி டிக்கின்சன், அந்தப் பருவத்தில் முதல் பிரிவில் இருந்த அணிகளிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. ஒரு மண்டலத்தின் தரவரிசையில் முதலிடம் பெற்ற அணியைப் பதினாறாம் இடத்து அணி வீழ்த்தியது ஆண்கள் தேசிய நாக் அவுட் போட்டி வரலாற்றில் அது இரண்டாவது முறை. ஆட்டம் 63-58 என முடிந்தது. உயரத்தை வைத்து வெல்ல முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஈடி அன்று சோடைபோகவில்லை. 21 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள் எடுத்தார். பழுது வெளிவட்டத்தில் இருந்தது. பர்டியூ 16 முறை பந்தைப் பறிகொடுத்தது. மூன்று புள்ளிக்கு எறிந்த 26 பந்துகளில் 5 மட்டுமே கூடையில் விழுந்தன. பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர் என்ற முதலாண்டு கார்டுகள் (வெளிவட்டத்தில் பந்தை நடத்துகிறவர்கள்) இருவரும், தங்களைவிடக் குள்ளமான, வேகமான கைகள் விடாமல் நெருக்கியபோது, ஈடியிடம் பந்தைச் சேர்ப்பதற்கே திணறினார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, குழாய்தான் அடைத்துக்கொண்டது.

நாக் அவுட் போட்டியில் கார்டுகளின் மதிப்பு ஏன் கூடுகிறது என்பதற்கான விடை இந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. சென்டர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவர் திறமைக்கும் கூடைக்கும் நடுவே இன்னொருவர் நிற்கிறார். பந்தைப் பத்து விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். முப்பது விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த இரண்டு கெடுவும் கார்டின் கழுத்தில்தான் தொங்குகின்றன. லீக் ஆட்டங்களில் எதிரணி பழகிய அணி. ஒரு நாள் சறுக்கினால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். மார்ச் மாதத்தில் அந்த வசதி இல்லை. பட்டம் வேண்டுமானால் 64 அணிச் சுற்றிலிருந்து தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். பருவம் முழுக்கப் பார்த்திராத தடுப்பாட்டத்துக்கு அந்த ஒரு நாளில் பயிற்சியாளர் என்ன மருந்து தயாரித்துவிட முடியும்? ஆட்டத்தின் நடுவில் அதைப் படித்துச் சொல்லவேண்டியவர் கார்டுதான். ஆகவே இத்தகைய போட்டி, அணியின் மிகச் சிறந்த நாள் எவ்வளவு உயரம் போகும் என்று பார்ப்பதில்லை; மோசமான நாளில் எவ்வளவு கீழே இறங்கும் என்றே பார்க்கிறது. அந்தக் கீழ் எல்லையை வரைகிறவர்கள் கார்டுகள்.

ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவார். 2014 இறுதியாட்டத்தில் கனெக்டிகட் ஏழாம் இடத்து அணி, கென்டக்கி அதைவிட உயரமும் உடல்பலமும் கூடிய அணி. ஷபாஸ் நேப்பியரும் ரையன் போட்ரைட்டும் பந்தைக் கட்டுக்குள் வைத்திருந்த கனெக்டிகட் பத்து ஃப்ரீ த்ரோக்களையும் போட்டது. கென்டக்கி 24இல் 13 போட்டது. வித்தியாசம் 60-54, ஆறே புள்ளி. நேப்பியர் எடுத்த 22 புள்ளிகளை எல்லோரும் பேசினார்கள். கோட்டில் தவறவிடாத அந்தப் பத்தும் அதற்குக் குறைந்தவையல்ல.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. 2008 இறுதியாட்டத்தில் மெம்பிஸ் அணியில் டெரிக் ரோஸ் இருந்தார், கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் இருந்தார். அவ்வளவு திறமையான ஜோடி வேறு எங்கே? இரண்டு நிமிடங்கள் சொச்சம் மீதியிருக்க ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தும் கான்சாஸிடம் தோற்றார்கள். கடைசி ஐந்து ஃப்ரீ த்ரோக்களில் நான்கு தவறின, 2.1 விநாடி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 75-68. என் வாதத்தை இது குலைக்கவில்லை, திருத்துகிறது. வலுவான கார்டு என்றால் வேகமும் தாவலும் மட்டுமல்ல. நெருக்கடியில் பந்தைக் காப்பது, கோட்டில் நின்று போடுவது, தேவையில்லாத ஷாட்டை எறியாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தத் தகுதி. மெம்பிஸுக்கு முதலாவது நிறைய இருந்தது, இரண்டாவது இல்லை.

இன்னொரு மறுப்பு ஆண்டனி டேவிஸ் பெயரில் வரும். 2012இல் அவர் கென்டக்கியைப் பட்டம் வரை கொண்டுபோனார். 2023இல் கனெக்டிகட்டின் அடாமா சனோகோவும் அப்படியே. 2011 முதல் 2025 வரை நடந்த பதினான்கு போட்டிகளில் (2020இல் போட்டி இல்லை) இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற உள்வட்ட ஆட்டக்காரர்கள் இவர்கள் இருவர்தான். பந்து கையில் இருப்பவர் மீது கண் விழுவது இயல்பு என்பதால் விருதுப் பட்டியலை மட்டும் நான் ஆதாரமாக நம்பமாட்டேன். ஆனால் அந்த இருவரையும் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. டேவிஸ் இறுதியாட்டத்தில் எடுத்தது வெறும் 6 புள்ளி. 16 ரீபவுண்டும் 6 பிளாக்கும்தான் அவருடைய ஆட்டம். தடுப்பாட்டத்துக்கு யாரும் பந்து கொடுக்க வேண்டியதில்லை! கென்டக்கிக்காக அன்று 22 புள்ளி எடுத்தவர் டோரன் லாம்ப் என்ற கார்டு. சனோகோவின் அணியோ ஆறு ஆட்டங்களையும் குறைந்தது 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கடைசி நிமிடத்துச் சோதனை அதற்கு வரவே இல்லை.

பர்டியூவின் அடுத்த ஆண்டு இதைவிடத் தெளிவான பாடம். ஈடி அதே ஈடி. ஸ்மித்தும் லோயரும் ஓராண்டு முதிர்ந்திருந்தார்கள். சதர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற அனுபவசாலி கார்டு வந்து சேர்ந்தார். 1969க்குப் பிறகு முதல்முறையாக அந்த அணி இறுதிக்கு வந்தது. அங்கே கனெக்டிகட் பயிற்சியாளர் டேன் ஹர்லி எடுத்த முடிவைப் பாருங்கள். ஈடியை இரட்டையாக மறிப்பதை விட்டுவிட்டு, வெளிவட்டக்காரர்களை ஒட்டி நின்றது அவர் அணி. ஈடி 37 புள்ளி எடுத்தார். பர்டியூ மொத்தமே 60. மூன்று புள்ளிக்கு அந்த அணியால் ஏழு முறைதான் எறிய முடிந்தது, ஒன்று விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் டிரிஸ்டன் நியூட்டன் 20 புள்ளி, 7 அசிஸ்ட். 75-60. எதிரணியின் சென்டரை ஆடவிட்டு கார்டுகளை மூச்சுத் திணற வைத்தால் வெல்லலாம் என்று ஒரு சாம்பியன் அணியே கணக்குப் போட்டது.

எல்லாம் மூன்று புள்ளி அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. விர்ஜீனியாவின் கைல் கை, டை ஜெரோம் இருவரும் 2018இல் பதினாறாம் இடத்து அணியிடம் 74-54 எனத் தோற்றார்கள். அதே இருவர் 2019இல் பட்டம் வென்றார்கள். ஆனால் அந்தப் பட்டத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போனவை, மற்றொன்று ஒரு புள்ளியில் முடிந்தது. ஆபர்ன் அணிக்கு எதிரான அரையிறுதியில் 0.6 விநாடி மீதமிருக்க, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். நெருக்கமான ஆட்டம் அமைவது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அந்த மூன்றும் விழுந்ததை நான் அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன்.

வயதோடு வரும் முதிர்ச்சி என்ற இந்த அம்சத்தைப் பயிற்சியாளர்கள் நம்மைவிட முன்பே புரிந்துகொண்டார்கள். டியூக்கின் டைஸ் ஜோன்ஸ் 2015 இறுதியாட்டத்தில் முதலாண்டு மாணவராகவே 23 புள்ளி எடுத்தார். ஆனால் அவர் விதிவிலக்கு. 2021இல் தோல்வியே காணாத கொன்சாகாவை 86-70 என்று வீழ்த்திய பேய்லரின் டேவியன் மிட்செல், மாசியோ டீக், ஆடம் ஃபிளாக்லர் மூவரும் வேறு கல்லூரிகளில் தேறி வந்தவர்கள். 2025 சாம்பியன் புளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும் வந்தார்கள். ஹூஸ்டனுக்கு எதிரான இறுதியின் முதல் பாதியில் கிளேட்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இருந்தும் பதறவில்லை. ஒரு கட்டத்தில் 12 புள்ளி பின்தங்கிய அணி 65-63 என்று முந்தியது. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பியபோது பாய்ந்து வந்து மறித்தவர் அதே கிளேட்டன்தான். ஷார்ப் பந்தை நழுவவிட்டார். ஹூஸ்டன் அதன் கடைசி இரண்டு வாய்ப்புகளிலும் கூடையை நோக்கி ஒரு ஷாட்கூட எறியவில்லை.