கையின் வேலை, சீசாவின் புகழ்

ஸ்பாக்களின் கட்டணப் பட்டியலில் சாதா எண்ணெய் மசாஜுக்கு ஒரு விலை இருக்கும். அதே மசாஜில் லாவெண்டர் நாலு சொட்டு விழுந்தால் விலை ஏறும். ஏன் என்று கேட்டால் தசைவலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நறுமண எண்ணெயைக் காட்டுவார்கள். மசாஜ் செய்துகொண்டவருக்குச் சுகம் கிடைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சுகத்தில் பெரும்பங்கு கையால் வந்தது. புகழைச் சீசா தட்டிக்கொண்டு போகிறது. அரோமாதெரபி என்ற பெயரையே தலைப்பாக வைத்து 1937-இல் நூல் எழுதிய பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே இந்த எண்ணெய்களைக் காயத்துக்கும் கிருமிக்குமான மருந்தாகத்தான் பார்த்தார். தாவர எண்ணெயில் கலந்து உடம்பில் தேய்க்கும் வழக்கத்தைப் பின்னால் பரப்பியவர் மார்கரித் மோரி. மருந்து என்ற உரிமைகோரலும் தேய்ப்பும் அப்போது ஒட்டிக்கொண்டன, இன்னும் பிரியவில்லை.

பிரித்துப் பார்த்த ஆய்வுகள் சில உண்டு. 2004-இல் வெளியான ஆய்வில், பிரிட்டனில் முற்றிய புற்றுநோயாளிகள் 42 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு வெறும் எண்ணெய் மசாஜ், ஒரு பிரிவுக்கு லாவெண்டர் கலந்த மசாஜ், மூன்றாவதற்கு இரண்டும் இல்லை. மசாஜ் பெற்ற இரு பிரிவினருக்கும் தூக்கம் மேம்பட்டது. லாவெண்டரால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. 2007-இல் வந்த இன்னொரு ஆய்வு பெரியது, 288 புற்றுநோயாளிகள். நறுமண மசாஜ் பெற்றவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் ஆறாவது வாரத்தில் குறைந்திருந்தன. பத்தாவது வாரத்தில் அந்த வேறுபாடு நிற்கவில்லை. அதிலும் ஒப்பீட்டுக் குழுவுக்கு மசாஜே கொடுக்கப்படவில்லை என்பதால், கிடைத்த பலனில் வாசனைக்கு என்ன பங்கு என்று சொல்ல வழியில்லை. புற்றுநோயாளிகளிடம் நடந்த 19 மசாஜ் ஆய்வுகளை 2016-இல் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, சான்றுகள் மிகத் தரம் குறைந்தவை என்று முடித்தது.

வாசனையை மறைத்து ஆய்வு நடத்த முடியாது, ஆகவே இந்த அளவுகோலே பொருந்தாது என்பார்கள் ஆதரவாளர்கள். நியாயம்தான். ஆனால் அந்தக் குறை சாதகமான முடிவுகளையும் சேர்த்தல்லவா அடிக்கிறது? மேலும், பலன் மூக்கு வழியாக வருகிறது என்றால் பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்தாலே போதும். முதுகு முழுக்கப் பூச வேண்டியதில்லை. தோல் வழியாக வருகிறது என்பதற்குக் காட்டப்படும் 1992-ஆம் ஆண்டு ஆய்வு ஒரே ஒருவரிடம் நடந்தது. வயிற்றில் தேய்த்த லாவெண்டரின் மூலக்கூறுகள் சுமார் 20 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ரத்தத்தில் தென்படுவது வேறு, நோயைத் தணிக்கும் அளவுக்கு இருப்பது வேறு.

எல்லாமே வெறும் வாசனை என்றும் ஒதுக்கிவிட முடியாது. புதினாவில் உள்ள மென்தால் நரம்பில் உள்ள குளிர் உணரியைத் தூண்டுகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. நீலகிரிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு விற்கும் வின்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட். வலி உள்ள இடத்தில் சூடேற்றி ஓரளவு ஆறுதல் தரும். ஆனால் அதே தைலம் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளவும் கூடாது. உண்மையிலேயே வேலை செய்யும் எண்ணெய் மருந்துக்குரிய எச்சரிக்கையையும் கேட்கிறது; மற்றவற்றை விற்பவர்கள் ‘இயற்கையானது’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

‘சரி, பலன் கற்பனையாகவே இருக்கட்டும், கெடுதல் இல்லையே’ என்ற வாதம்தான் எனக்கு மிகப் பலவீனமாகப் படுகிறது. லாவெண்டரில் உள்ள லினலூல், மூடி திறந்தபின் காற்றுப்பட்டு ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் தடவிய தோல் வெயில் பட்டால் கொப்பளிக்கலாம். தோலிலேயே தங்கும் பூச்சுகளில் அதற்கான பாதுகாப்பு வரம்பு 0.4 சதவீதம். நம் வீட்டு எண்ணெய்க் குளியலை இதற்கு ஆதரவாக இழுப்பவர்களும் உண்டு, ஆனால் நல்லெண்ணெயும் ஆவியில் வடித்த செறிவான எண்ணெயும் ஒரே வகை அல்ல. வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வந்து போகிறார். மசாஜ் செய்பவரின் விரலிடுக்கில் அந்த எண்ணெய் நாள் முழுக்க ஊறுகிறது. ஃபிலடெல்ஃபியா வட்டாரத்து மசாஜ் தொழிலாளர்களிடம் நடந்து 2004-இல் வெளியான கணக்கெடுப்பில், நறுமணப் பொருள் கலந்து தேய்ப்பவர்களிடையே கைத்தோல் அழற்சிக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கற்பனைப் பலன்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. 30 மில்லி நல்லெண்ணெயில் லாவெண்டர் 12 சொட்டு கலந்தாலே 2 சதவீதச் செறிவு வந்துவிடும். வாசனைக்கு அதற்கும் குறைவே போதும். அழற்சி தொடங்கிய கைக்கு அதுவும் வேண்டாம், வெறும் நல்லெண்ணெயே தேய்க்கட்டும், வாசனைக்குப் பஞ்சு இருக்கிறது. சீசா திறந்த தேதியை மேலே எழுதி வைக்கும் வழக்கமும், மசாஜ் செய்பவருக்கு ‘இந்த எண்ணெய் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும், ஏற்றி வாங்கும் கட்டணத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.