திப்பாரள்ளியும் கௌதள்ளியும்

பல மொழிகள் வழங்கும் நாட்டில் வாழ்வோர் சொற்களைக் கலந்து விளையாடுதல் இயல்பே. அவ்விளையாட்டு எப்போது இலக்கியச் சுவை பெறுகிறது, எப்போது வெறுங் கலப்படமாய் நின்றுவிடுகிறது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு ஏற்ற சான்று கன்னட நாடக ஆசிரியர் டி.பி. கைலாசம் (1884–1946). தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் இலண்டனிலும் நிலநூல் பயின்றவர். கன்னட மேடைக்கே தம்மை ஈந்தவர். அவர்தம் நாடக மாந்தர் பலர் கன்னடமும் ஆங்கிலமும் பின்னிய நடையிற் பேசுவர். ஆங்கிலத்தால் தம்மை உயர்த்திக் காட்ட முயலும் நகரத்தாரின் போலித்தனம் அப்பேச்சாலேயே வெளிப்பட்டு நகை விளைக்கிறது.

முதல் உலகப் போரிற் படைவீரர் பாடிய 'டிப்பரரி' என்னும் ஆங்கிலப் பாட்டின் மெட்டில் அவர் ஒரு கன்னடப் பாட்டு இயற்றினார். அயர்லாந்து நாட்டு டிப்பரரி அதில் 'திப்பாரள்ளி' ஆயிற்று. இது வெறும் ஓசை ஒப்புமையன்று. சிற்றூரைக் குறிக்கும் 'ஹள்ளி'யின் பேச்சு வடிவே 'அள்ளி'. பழங்கன்னடப் பகரம் ஹகரமாகத் திரிந்தபோது 'பள்ளி' 'ஹள்ளி' ஆயிற்று. நம் ஊர்ப்பெயர்களிலோ 'பள்ளி' இன்றும் நிற்கிறது. ஓர் ஈற்றால் கடல்கடந்த ஊரைக் கன்னடச் சிற்றூராக்கிய திறத்தை என்னென்பது!

மாதேசுவர மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளியின் பெயரிலும் அவ்வோசையே கேட்கிறது. 1956 வரை கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்த அவ்வூர், பின்னர் மைசூர் மாவட்டத்தையும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தையும் சார்ந்தது. எல்லைகள் பெயர்ந்தன, ஊர் பெயரவில்லை. இத்தகைய எல்லைப் பகுதியில் ஒரே நாவில் தமிழும் கன்னடமும் வழங்குவதில் வியப்பில்லை.

நம் இல்லங்களிலும் இவ்விளையாட்டு உண்டு. 'அட்ஜஸ்ட் மாடி' என்று கன்னடத்தார் கூறக் கேட்ட நம் பிள்ளைகள், 'எத்தனையாவது மாடி?' என்று வினவி நகைப்பர். கன்னடத்தில் 'மாடி' 'செய்யுங்கள்' என்பதாம். தமிழில் அது மேல்தளம். இரண்டையும் அறிந்த பிள்ளைக்கே இந்நகை புலப்படும். ஒன்றை இழந்த பிள்ளைக்கு அது வெறும் ஒலியே.

கைலாசத்திடமும் ஒரு குறை காண்கிறோம். சிலவிடங்களில் ஆங்கிலம் மிகுந்து, கன்னடம் மட்டும் அறிந்தவரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆயினும் இரு மொழியின் நாடியையும் அறிந்து அவர் கலந்தார். ஒன்றில் சொல் கிடையாமையால் மற்றொன்றை நாடினாரல்லர். 1945-இல் சென்னையிற் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்திற்குத் தலைமை தாங்கும் சிறப்பும் அவருக்கு வாய்த்தது.

ஆதலின், நம் மக்கள் கலந்து பேசுவது கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. கலப்பதற்குத் தமிழ் அவர்களிடம் எஞ்சி நிற்குமா என்பதே நாம் கருதற்குரியது. வீட்டில் தமிழ் வழங்குக. வீதியிற் கன்னடம் நன்கு பயில்க. அவ்விரண்டும் நிறைந்த நாவில் விளையாட்டுத் தானே பிறக்கும்.