பளிச்சென்ற நிறமும் சேறான நிறமும்: நீர்வண்ண ஓவியம் குறித்துச் சில சொற்கள்

நம் சங்கங்களும் பள்ளிகளும் இத்தீவில் நடத்தும் ஓவியப் போட்டிகளில் கடல் இல்லாத படத்தைக் காண்பது அரிது. கடல் ஒரே நீலம், தென்னை ஒரே பச்சை, அலை நுரைக்கு மட்டும் போஸ்டர் கலர் வெள்ளை. பார்க்கிறவர்கள் "நல்லா பளிச்சுன்னு இருக்கே" என்பார்கள். பரிசும் பெரும்பாலும் அதற்கே போகும். அந்தப் பளிச்சை நான் பளிச்சென்று ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சத்துக்கு வெள்ளைச் சாயம் உண்டு. வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். வெளிச்சம் மெல்லிய சாயத்தின் ஊடே போய், தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சாயத்தை அப்பினால் அந்த வழி அடைபடும். பேலட்டில் மூன்று நிறங்களைப் போட்டுக் குழப்பினாலும் இதே கதிதான். ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்ள, மிஞ்சுவது சேறு. இரண்டே நிறம், அதுவும் உறவான நிறம் என்றால் பிழைக்கும். எலுமிச்சை மஞ்சளோடு பச்சைச் சாயல் உள்ள நீலம் சேர்ந்தால் துளிர்ப் பச்சை கிடைக்கும். அதே மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்த்தால் பச்சை மங்கும். அந்த நீலத்துக்குள் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்கிறது, அது பச்சையைக் கொல்லும். கேமல் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் 'நீலமும் மஞ்சளும் பச்சை' என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த நீலம் என்பதை நாம் சொல்வதே இல்லை.

இன்னொரு வழி, கலக்காமலே கலப்பது. மஞ்சளை மெல்லப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் நீலத்தைப் பூசுவது. கலப்பு தாளில் நடக்கும், பேலட்டில் அல்ல.

பொறுமையும் கட்டுப்பாடும் வண்ணத்தை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய சான்று உண்டு. சென்னை மாகாணத்தில் தாவரவியல் ஆய்வு செய்த ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் செடி கொடிகளை வரைந்தார்கள். அவர்கள் தமிழரா தெலுங்கரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, வேலையைப் பார்ப்போம். இலையின் மேற்புறத்துக்கு ஒரு பச்சை, திரும்பிய அடிப்புறத்துக்கு வெளிறிய வேறொரு பச்சை. அந்த வெளிறிய பச்சை பக்கத்தில் இருப்பதால்தான் மேற்பச்சை கண்ணைப் பறிக்கிறது. பூவின் சிவப்பைச் சுற்றித் தாள் வெறுமனே விடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் கையில் இந்த வெற்றிடம் கிடைத்தால் உடனே நிரப்பிவிடுவார்கள்!

கொடுமை என்னவென்றால், வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐகோனஸ்' தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் கறுப்பு வெள்ளைக் கல்லச்சாகவே வந்தன. கோடு உலகுக்குப் போனது, வண்ணம் மூலத்தாளோடு நின்றுவிட்டது. அந்தத் தாள்களில் கணிசமானவை எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. 2007இல் ஹென்றி நோல்ட்டி எழுதிய நூல்களுக்குப் பிறகுதான் அந்த வண்ணங்கள் பலர் கண்ணிலும் பட்டன. வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பிற்கால அறிஞர்கள் அதை 'ட்ரோப்பிடியா'வுக்குள் அடக்கிவிட்டதால் ஓவியர் பெயர் வழக்கிலிருந்து போயிற்று.

சரி, சாத்தத்துக்கு வருவோம். 1883இல் தொடங்கிய மரஅறுவை ஆலையால் பெயர் பெற்ற இடம். புதிதாக அறுத்த படாக் பலகையின் செம்மையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குப்பியிலிருந்து நேரே வரும் சிவப்பு அல்ல. நாளாக ஆகப் பழுப்பாக இருண்டுபோவது. அந்தச் செம்மை படத்தில் எரிய வேண்டுமானால், பின்னால் துறைமுகத் தண்ணீரைச் சாம்பல் கலந்த பச்சையாக அடக்கி வைக்க வேண்டும். நம் துறைமுகத்து நீர் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. சுற்றுலா அட்டைப்படத்தின் நீலத்தைப் பிள்ளைகள் ஏன் சாத்தத்துக்கும் பூசுகிறார்கள்? கண்ணால் பார்த்ததைவிட அட்டையில் பார்த்ததைத்தான் நாம் பாராட்டுகிறோம் என்பதால்தான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழைக்காலத்தில் இங்கே காற்றே ஈரத்துணி மாதிரி. ஒரு பூச்சு காய எவ்வளவு நேரமாகும் என்று துணி உலர்த்தும் தாய்மார்களைக் கேளுங்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு கூடத்துக்குள் இரண்டு மணி நேரம் கொடுத்து 'வரை' என்றால், பிள்ளை ஈரத்தின் மேல் ஈரத்தைத்தான் பூச முடியும். சேறு வந்தால் அது விதிமுறையின் சேறு. மழை விட்ட ஜனவரி முதல் மார்ச்சுக்குள், காலை தொடங்கி மாலை வரை, நடுவே சாப்பாட்டு இடைவேளையோடு நடத்திப் பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முதல் பூச்சு காய்ந்திருக்கும்.