பத்துத் தட்டுகளில் யாழ்ப்பாணம்

உணவைப் பற்றி விமரிசனம் எழுதுவது ஓர் இலக்கிய ஏட்டுக்குத் தகுமா என நண்பர் சிலர் வினவக்கூடும். கவிதையையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது எனக் கொள்ளும் நாம், தட்டில் வைக்கப்படும் உணவுக்கு மட்டும் விலக்களித்தல் எவ்வாறு பொருந்தும்? அண்மையில் கொழும்பில், வடபுலத்து உணவையே தனிச்சிறப்பாகக் கொண்ட ஓர் உணவுச்சாலையில், தலைமைச் சமையற்காரர் தாமே தெரிந்து அமைத்த பத்துத் தட்டு விருந்தினை உண்ண நேர்ந்தது. பணம் கொடுத்தவர் பல்கலைக்கழகத்தில் எம்மோடு பயின்ற நண்பர். எம் மாதச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கினை ஓரிரவில் விழுங்கத்தக்க விருந்து அது. கடன்பட்டவராகவே எழுதுகின்றோம் என்பதை வாசகர் மனங்கொள்க.

இவ்விருந்தின் இலக்கணம் எளிது. உண்பவர் எதையும் கேட்பதில்லை. சமைப்பவர் தீர்மானித்தவை, அவர் தீர்மானித்த ஒழுங்கில், இரண்டொரு வாயளவாக வந்துகொண்டிருக்கும். ஐரோப்பியச் செல்வர் மேசைகளிலே முன்னர் பண்டங்கள் பலவும் ஒருங்கே பரப்பப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை, ருஷ்ய வழக்கு என்ற பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சிற் பரவியது. 1973இல் கோ, மியோ என்னும் இரு பிரெஞ்சு விமரிசகர்கள், கனத்த குழம்புகளை விலக்கிப் புதிய பொருள்களை நாடும் 'புதிய சமையல்' கோட்பாட்டைப் பத்துக் கட்டளைகளாக வெளியிட்டனர். 2003இல் கொப்பன்ஹேகனில் தோன்றிய நோமா உணவுச்சாலை, தன் நிலமும் கடலும் தருவனவற்றைச் சமைப்பதையே கொள்கையாக்கி உலகப் புகழெய்தியது. வட்டார உணவுக்கு உயர்குடி மேசையில் மதிப்பு ஏற்பட்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அங்குப் பயிற்சிக்கென வந்த இளைஞர் 2022 ஒக்டோபர் வரை ஊதியமின்றியே உழைத்தனர் என்பதையும் உடன் குறித்தல் நேர்மையாகும்.

நிற்க. மூன்றாவதாக வந்தது ஒடியற் கூழ். வெள்ளைப் பீங்கானில் நான்கு கரண்டி. நடுவே ஓர் இறால். ஓரத்தில் முருங்கையிலைப் பொடி. சுவையிற் குறை கூற இடமில்லை. ஒடியலின் கசப்பு அளவறிந்து நீக்கப்பட்டிருந்தது. புளியும் உறைப்பும் ஒன்றையொன்று மீறவில்லை. கைதேர்ந்தவர் ஆக்கிய கூழ் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உருவம், உள்ளடக்கம் என்று வகுப்பறையில் நாம் ஓயாது பேசுகின்றோமே, அவ்விரண்டும் இங்கே பிரிந்து கிடந்தன. கூழின் உருவம் அதன் பானை. அன்று வலையில் அகப்பட்ட சிறுமீனும் நண்டும், வீட்டிற் கிடந்த மரவள்ளிக் கிழங்கும், பயற்றங்காயும், பலாக்கொட்டையும் ஒன்றாய்க் கொதிக்க, குடும்பமும் அயலும் சுற்றியிருந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது அது. போதும் என்று குடிப்பவர் சொல்லும்வரை ஊற்றப்படுவது. நாம் இன்னுங் கொஞ்சம் கேட்டோம். விருந்தின் ஒழுங்கில் அதற்கு இடமில்லை என்று பணிவோடு மறுத்தனர்.

ஒவ்வொரு தட்டோடும் ஓர் அட்டை வந்தது. மீன் எந்தக் களப்பினது, உப்பு எந்த உப்பளத்தது என்பனவெல்லாம் அதில் இருந்தன. சமையற்காரரின் பெயரும் இருந்தது. பனங்கொட்டையைப் பாத்தியிற் புதைத்து, மாதங்கள் கழித்துக் கிழங்கைக் கிண்டி, கிழித்து, வெயிலிற் காயவிட்டு, இடித்து மாவாக்கியவர் எவர் என்பது மட்டும் இல்லை. 'பாட்டியின் கைப்பக்குவம்' என்ற ஒரு தொடர் அவ்வளவு உழைப்பையும் மூடிவிட்டது.

ஐந்தாவது தட்டே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மெருகேற்றிய சிரட்டையில் மிளகு இரசம். பரிமாறிய இளைஞர், "இப்பிடித்தான் எங்கட பாட்டன்மார் குடிச்சவை, சேர்" என்றார்.

உண்மை. எம் பாட்டனார் அப்படித்தான் குடித்தார். ஊர்ச் சந்தியிலிருந்த தேநீர்க்கடை ஒன்றில், உள்ளே இருந்தவர்க்குக் கண்ணாடிக் குவளை; வெளியே நிலத்திற் குந்தியிருந்த அவர்க்குச் சிரட்டை. குடித்து முடிந்ததும் அதைத் தம் கையாலேயே கழுவிக் கவிழ்த்தல் வேண்டும். சாதியின் பெயரால் இத்தகைய இழிவுகளை இழைத்தல் குற்றம் எனச் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஏட்டிலிருந்த சட்டத்தை வீதிக்குக் கொணர்ந்தது, 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டுப் பொலிசாரின் தாக்குதலுக்குள்ளான ஊர்வலமும், அதன்பின் சங்கானையிலும் பிறவிடங்களிலும் நிகழ்ந்த போராட்டங்களுமே. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை (1972) மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும்போதெல்லாம் அச்சிரட்டை எம் கண்முன் தோன்றும். அது பட்டுத்துணி விரித்த மேசையில் வந்து அமரும் என நாம் எதிர்பார்த்திருக்கவில்லை.

நண்பர் நகைத்தார். "பேரன் கதிரையில இருக்கிறான், அவனுக்கு ஒராள் பரிமாறுறார். இது வெற்றியில்லையா?" என்றார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. கதிரை உண்மையில் வெல்லப்பட்டதுதான். ஆயின் வென்றவர் யாவர் என்பது மறைக்கப்பட்டு, அவர் எதிர்த்துப் போராடிய சின்னமே மரபின் அழகாக விலைப்படுமாயின், அதனை வெற்றியென்று கணக்கெழுத எமக்குக் கை வரவில்லை. பழைய பாத்திரங்களை வீசிவிடுக என்பதன்று எம் கருத்து. பிளா அழகியது, அதைக் கோலத் தெரிந்த கை மதிக்கத்தக்கது. ஆனால் பிளாவும் சிரட்டையும் 'மரபு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவன அல்ல. ஒன்று மக்கள் தாமே விரும்பி எடுத்துக்கொண்டது. மற்றது தேநீர்க்கடை வாசலில் அவர் கையில் திணிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாத சமையற்காரர், எத்துணைக் கைத்திறன் உடையவராயினும், தம் வட்டாரத்தை அரைகுறையாகவே படித்தவர்.

எஞ்சிய தட்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த இறுதி இனிப்பு மிக நன்று.

பரிமாறிய இளைஞர் வவுனியாப் பக்கத்தவர். கூழ் எப்படியிருக்கிறது என்று அவரையே கேட்டோம். "நான் குடிச்சுப் பார்க்கேல்லை, சேர். எங்களுக்குச் சோறும் பருப்பும்தான்" என்றார். சிரட்டையை எடுக்க அவர் கை நீட்டியபோது, எம் பாட்டனார் அதில் ஏன் குடித்தார் என்பதைச் சொன்னோம். சிறிது நேரம் அதைக் கையில் வைத்தபடி நின்றார். "அட்டையில அப்பிடி ஒண்டும் எழுதியில்லை, சேர்" என்று தாழ்ந்த குரலிற் கூறிவிட்டு, ஆறாவது தட்டை எடுத்துவர உள்ளே சென்றார்.