பந்தைக் காப்பதும் பந்தால் வெல்வதும்

காற்பந்தாட்டத்தில் பந்தைத் தம் வசமே வைத்திருந்து ஆடும் முறையைப் புகழ்வோர் அதனை அழகு என்கின்றனர். பழிப்போர் சோம்பல் என்கின்றனர். இரு சாராரும் அதனைச் சரிவர நோக்கினாரல்லர் என்பதே நம் கருத்து. அது இடத்தைப் பற்றிய ஒரு கணக்கு.

2008 முதல் 2012 வரை பெப் கார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனா அணியை எடுத்துக்கொள்வோம். தாளில் எழுதினால் அதன் அமைப்பு நான்கு, மூன்று, மூன்று என வரும். களத்திலோ அது அவ்வாறு நிற்பதில்லை. பந்து கைவசமானதும் நடுத் தற்காப்பாளர் இருவரும் இரு மருங்கும் விலகுவர். செர்ஜியோ புஸ்கெட்ஸ் பின்னிறங்கி அவர்களிடையே வந்து நிற்பார். பக்கத் தற்காப்பாளர் கோட்டோரமாக முன்னேறுவர். சாவியும் இனியெஸ்தாவும் எதிரணியின் இரு வரிசைகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தைத் தேடுவர். இதனால் பந்து உடையவருக்கு எப்பொழுதும் இரண்டு மூன்று வழிகள் திறந்திருக்கும். அங்கே பந்து கைமாறுவது எதிரி ஒருவரை அவர் நின்ற இடத்தினின்றும் பெயர்ப்பதற்காகவே.

2009 மே 2ஆம் நாள் மாட்ரிட் நகரில் ரியல் மாட்ரிட் அணியை 6-2 என வென்ற ஆட்டம் இதற்குத் தக்க சான்று. வலப்புறம் ஆடிவந்த மெஸ்ஸி அன்று முன்னணியின் நடுவில் நிறுத்தப்பட்டார். ஆனால் அங்கே நிற்காமல் பின்னோக்கி இறங்கினார். தற்காப்பாளர் அவரைத் தொடர்ந்தால் முதுகுப்புறம் ஆன்றிக்கும் எட்டோவுக்கும் வழி பிறக்கும். தொடராவிடில் மெஸ்ஸி தடையின்றித் திரும்புவார். எதைச் செய்தாலும் பிழையாகும் நிலைக்கு எதிரியைத் தள்ளுவதே அவ்வமைப்பின் உயிர்.

இம்முறை தற்காப்பும் ஆகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2010 உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் அடித்தது 8 கோல். வாங்கியது 2 கோல். இறுதி நான்கு ஆட்டங்களும் 1-0. அலுப்பு என்று குறைகூறியோர் இருந்தனர். அலுப்பில் பாதி உண்மையும் உண்டு!

பின்வந்தோர் கணக்கை விட்டு அதன் எண்ணிக்கையை மட்டும் பற்றிக்கொண்டனர். 2022 டிசம்பர் 6ஆம் நாள் கத்தாரில் ஸ்பெயின் மொராக்கோவுக்கு எதிராக ஆயிரம் தடவைக்கு மேல் பந்தைக் கைமாற்றியது. கோல் ஒன்றும் இல்லை. அரபி இலக்கணம் ஓதியோர் அறிவர்: முப்ததாவை எத்துணை நீட்டினாலும் கபர் வராத வரை கேட்போன் காத்துக்கொண்டே இருப்பான். எழுவாய் உண்டு, பயனிலை இல்லை.

மொராக்கோவின் வெற்றியை அதிர்ஷ்டம் என்றோர் உளர். இது நேர்மையான தீர்ப்பன்று. பயிற்றுநர் வலீத் ரக்ராகி பந்தைத் துரத்துமாறு தம்மவரை ஏவவில்லை. இரு வரிசைகளையும் நெருக்கி, அவற்றின் இடைவெளியில் சுஃப்யான் அம்ராபத்தை நிறுத்தினார். சாவியும் இனியெஸ்தாவும் வாழ்ந்த இடம் அதுதான்! முன்னணி ஆட்டக்காரரோ புஸ்கெட்ஸுக்குப் பந்து செல்லும் வழியை அடைத்தார். ஓரங்களில் மட்டும் ஸ்பெயினுக்கு இடம் விடப்பட்டது. அங்கிருந்து தீங்கு வராதென்பது ரக்ராகியின் கணிப்பு. 120 நிமிடங்களும் அக்கணிப்புப் பொய்க்கவில்லை. பெனால்டி உதைகளில் ஸ்பெயின் மூன்றையும் தவறவிட்டது. ஒன்று கம்பத்தில் பட்டது. இரண்டை யாசீன் பூனூ தடுத்தார். அவ்விரண்டில் ஒன்றை உதைத்தவர் புஸ்கெட்ஸ்.

விடையை ஸ்பெயினே பின்னர் கண்டது. 2024 ஐரோப்பியக் கோப்பையில் யமால், நிக்கோ வில்லியம்ஸ் என்னும் இரு விரைவோரை ஓரங்களில் நிறுத்தியது. குரோஷியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பந்து பாதி நேரத்திற்கும் குறைவாகவே அதனிடம் இருந்தது, முடிவோ 3-0. மூன்றாம் கோலுக்கான பந்து யமால் நின்ற வலது ஓரத்திலிருந்து வந்தது. அதனை உள்ளே செலுத்தியவர் பக்கத் தற்காப்பாளர் கார்வஹால்.